விடுதி வாடிக்கையும் வெகுமதிப் புள்ளியும்

பெரிய விடுதியொன்றின் முன்கூடத்திலே பெயரைப் பதிவு செய்யும் பிரயாணியிடம் இக்காலத்தில் ஒரு கேள்வி தவறாது கேட்கப்படுகிறது. "எங்கள் திட்டத்தில் நீங்கள் அங்கத்தவரா?" என்பதே அக்கேள்வி. ஆம் என்பவருடைய கணக்கிற் புள்ளிகள் சேர்க்கப்படுகின்றன. இல்லை என்பவர் உடனே சேருமாறு அழைக்கப்படுகிறார். புள்ளிகள் பெருகினால் ஓர் இரவு இலவசம். அடிக்கடி வந்தால் நல்ல அறை. சேர்வதற்குக் கட்டணமும் இல்லை. ஆகவே பலர் ஆராயாமலே சேர்ந்துவிடுகின்றனர். நாலைந்து திட்டங்களிற் சேர்ந்து, ஒன்றிலேனும் ஓர் இரவுக்குப் போதிய புள்ளி இல்லாமல் நிற்பவர்களும் உளர்.

எத்திட்டம் எவருக்குப் பொருந்தும் என அறிய விரும்புவோர், இத்திட்டங்கள் எக்காலத்தில், எக்காரணத்தினால், எவருடைய நன்மைக்காகத் தோன்றின என்பதை முதலில் அறிதல் நன்று. அவற்றின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கு, தெரிவு செய்தல் கடினமான காரியமன்று.

வந்து தங்கியவர்க்கு ஓர் அடையாளம் கொடுத்தனுப்பும் வழக்கம் மிகப் பழையது. பண்டைய உரோமரிடையே 'தெஸ்ஸரா ஹொஸ்பிட்டாலிஸ்' எனப்பட்ட விருந்துரிமை அடையாளம் ஒன்று இருந்தது. ஒரு வீட்டாரும் தூரதேசத்து நண்பரும், ஒன்றோடொன்று பொருந்தும் இரு துண்டுகளை ஆளுக்கொன்றாக வைத்திருப்பர். பிற்காலத்தில் அந்த நண்பர் வந்து தம் துண்டைக் காட்ட, அது வீட்டிலுள்ள துண்டோடு பொருந்துமாயின், உணவும் உறைவிடமும் பாதுகாப்பும் அளித்தல் அவ்வீட்டாரின் கடமையாகும். உரோம நாடகாசிரியர் ப்ளோட்டஸ் எழுதிய 'பொயெனுலுஸ்' என்னும் நாடகத்திலே, கார்த்தேஜ் நகரத்தவரான ஹன்னோ என்பவர் கிரேக்க நகரொன்றுக்கு வருகிறார். அவருடைய பழைய நண்பர் அங்கே இறந்துபோய்விட்டார். எனினும் அந்நண்பரின் வளர்ப்பு மகன் துண்டை ஒப்பிட்டுப் பார்த்து, ஹன்னோவை விருந்தினராக ஏற்றுக்கொள்கிறான். இந்த உறவிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடையாளத்தின் பாதி இரு பக்கத்தாரிடமும் இருந்தது. ஒருவர் தம் விருப்பப்படி அதன் வடிவத்தை மாற்றினால், அது பொருந்தாமற் போய்விடும்.

வியாபார உலகத்து வெகுமதி இதனின்றும் வேறுபட்டது. 1896ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவிலே ஸ்பெரி அண்ட் ஹச்சின்சன் என்னும் நிறுவனம் முத்திரை வியாபாரம் ஒன்றைத் தொடங்கிற்று. கடைக்காரர் அந்நிறுவனத்திடம் பச்சை நிற முத்திரைகளை விலைக்கு வாங்குவார். பொருள் வாங்குவோர்க்கு அவர்கள் செலவழித்த தொகைக்கேற்ப அவற்றைக் கொடுப்பார். வாடிக்கையாளர் அவற்றைச் சிறு புத்தகங்களில் ஒட்டிச் சேர்த்து, நிறுவனத்தாரிடம் கொடுத்து, பாத்திரமோ விளக்கோ பெற்றுக்கொள்வார். 1950களிலும் 1960களிலும் இவ்வழக்கம் அந்நாட்டு இல்லங்களெங்கும் பரவியிருந்தது. இந்த வியாபாரத்திலே இரு இரகசியங்கள் இருந்தன. முத்திரையின் விலை, வாங்கிய பொருளின் விலையிலேயே அடங்கியிருந்தது என்பது முதலாவது. கொடுக்கப்பட்ட முத்திரைகள் யாவும் திரும்பி வருவதில்லை என்பது இரண்டாவது. மேசை அறையிற் கிடந்து மறக்கப்பட்ட முத்திரை, நிறுவனத்துக்கு இலாபமாயிற்று. இவ்விரண்டு உண்மைகளும் இன்றைய விடுதிப் புள்ளிகளுக்கும் பொருந்தும்.

இனி, விடுதிகளின் வரலாற்றுக்கு வருவோம். 1951இல் கெமன்ஸ் வில்சன் என்னும் அமெரிக்க வீடு கட்டும் தொழிலதிபர், மனைவி மக்களோடு மோட்டார் வண்டியில் வாஷிங்டன் நகருக்குப் பிரயாணஞ் செய்தார். வழியிலுள்ள விடுதிகள் பல அழுக்கடைந்திருந்தன. அதுவன்றிக் குழந்தைகளுக்குத் தலைக்கு 2 டொலர் மேலதிகமாக வாங்கின. மனம் நொந்த வில்சன், 1952இல் தம் ஊராகிய மெம்பிசிலே முதலாவது 'ஹொலிடே இன்' விடுதியைத் திறந்தார். குழந்தைகளுக்கு அங்கே தனிக் கட்டணம் இல்லை. அறைகள் ஒரே அளவின, ஒரே ஒழுங்கின. எவ்வூரில் அப்பெயர்ப் பலகையைக் கண்டாலும், உள்ளே கிடைப்பது இன்னதென்று பிரயாணிக்கு முன்கூட்டியே தெரிந்தது. அதுவே அந்நிறுவனத்தின் வெற்றிக்குக் காரணமாயிற்று. 1919இல் டெக்சாஸ் மாநிலத்திலே முதல் விடுதியை வாங்கிய கொன்ராட் ஹில்டனும், 1957இல் வேர்ஜீனியா மாநிலத்திலே முதல் விடுதியைத் திறந்த மரியட் நிறுவனத்தாரும் தத்தம் பெயரைப் பல நகரங்களுக்குப் பரப்பினர்.

ஆனால் ஒருமைப்பாட்டினால் வளர்ந்த தொழிலுக்கு அதே ஒருமைப்பாடு இடையூறாகவும் வந்தது. எல்லா நிறுவனங்களின் அறைகளும் ஒன்றையொன்று ஒத்துவிட்டபோது, பிரயாணி ஒன்றை விட்டு மற்றொன்றை நாடுவதற்குக் காரணம் யாது? வாடகையைக் குறைத்தால் இலாபம் குறையும். வேறொரு காரணத்தை உண்டாக்க வேண்டியிருந்தது. அதற்கு வழிகாட்டியவர்கள் விமான சேவையினர்.

1978ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்காவிலே விமானக் கட்டணங்களின்மீதும் பாதைகளின்மீதும் இருந்த அரசாங்கக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் நிறைவேறிற்று. போட்டி பெருகியது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்திடம் 'சேபர்' என்னும் கணினிப் பதிவு முறை இருந்தது. அதிலே திரும்பத் திரும்பத் தோன்றிய தொலைபேசி இலக்கங்களைத் தேடி, அடிக்கடி பறப்போர் யாவர் என அந்நிறுவனத்தார் கண்டுகொண்டனர். 1981 மே முதலாந் திகதி, பறந்த மைல்களுக்கு வெகுமதி அளிக்கும் திட்டத்தை அவர்கள் அறிவித்தனர். யுனைற்றெட் நிறுவனமும் அதே மாதத்தில் தன் திட்டத்தை வெளியிட்டது. இரண்டே ஆண்டுகளில் விடுதிகளும் அவ்வழியிற் சென்றன. 1983இல் ஹொலிடே இன் தொடங்கிய திட்டமே விடுதித் துறையில் முதலாவது எனப்படுகிறது. மரியட் நிறுவனத்தின் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. ஹில்டன், ஹயாட் ஆகியன 1987இல் தத்தம் திட்டங்களை ஆரம்பித்தன.

இத்திட்டங்கள் முதலில் எவரைக் கருதி எழுந்தன என்பதை நாம் மறத்தலாகாது. ஆண்டுக்கொரு முறை குடும்பத்தோடு உல்லாசப் பிரயாணஞ் செய்பவரை அவை கருதவில்லை. வாரந்தோறும் ஊர் ஊராகச் செல்லும் கம்பனி உத்தியோகத்தரையே கருதின. அவருடைய வாடகையைக் கொடுப்பது கம்பனி. புள்ளியைப் பெறுவது அவர். விடுதியைத் தெரிபவர் வேறு, பணங் கொடுப்பவர் வேறாக இருந்தமையே இத்திட்டங்களின் வலிமை. ஐந்து டொலர் கூடிய விடுதியை அவர் தெரிந்தெடுத்தால், நட்டம் கம்பனிக்கு, இலாபம் அவருக்கு. இந்நிலை அறநெறிக்கு ஒத்ததா என்ற கேள்வி அந்நாட்டில் நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. அரசாங்க ஊழியர் உத்தியோகப் பிரயாணத்தில் ஈட்டிய இத்தகைய சலுகைகளைத் தமக்கென வைத்துக்கொள்ளலாம் என அமெரிக்கச் சட்டம் 2001ஆம் ஆண்டின் இறுதியில் இடமளித்தது. தொழில் நிமித்தம் பறந்து பெற்ற மைல்களைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவோரிடம் வரி கேட்கப் போவதில்லை என 2002இல் அந்நாட்டு வரித் திணைக்களம் அறிவித்தது. சட்டம் அனுமதித்தபோதிலும், பிறர் பணத்திற் பிரயாணஞ் செய்பவர் தம் மனச்சாட்சியைக் கேட்க வேண்டிய கேள்வி அங்ஙனமே நிற்கிறது.

இலவச இரவின் செலவை யார் ஏற்கின்றனர் என்பதும் அறியத்தக்கது. பெயர்ப் பலகையிலுள்ள நிறுவனமே கட்டிடத்தின் உரிமையாளர் எனப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படியன்று. கட்டிடம் வேறொருவருடையது, பெயரும் பதிவு முறையும் நிறுவனத்தினுடையவை. அங்கத்தவர் பணங் கொடுத்துத் தங்கும்போது, அப்பணத்தில் ஒரு பங்கை விடுதி உரிமையாளர் பொது நிதியொன்றுக்குச் செலுத்துகிறார். அங்கத்தவர் புள்ளியைக் கொடுத்துத் தங்கும்போது, அந்நிதியிலிருந்து உரிமையாளர்க்கு ஒரு தொகை கிடைக்கிறது. அறைகள் நிறைந்திருக்கும் நாளில் அத்தொகை கூடும். வெறுமையான நாளிற் குறையும். ஆகவே இலவச இரவு எனப்படுவது உண்மையில் இலவசமன்று. அங்கத்தவர்கள் எல்லாரும் முன்னரே கொடுத்த பணத்தினாலே அது வாங்கப்படுகிறது.

தொடக்க காலத்தில் விழா நாட்களிலும் விடுமுறை நாட்களிலும் புள்ளிகள் ஏற்கப்படா என்னும் விதி வழக்கத்திலிருந்தது. விருப்பமுள்ள நாளிற் பயன்படாத வெகுமதி வெகுமதியாகுமா எனப் பிரயாணிகள் முறையிட்டனர். 1999இல் ஸ்டார்வூட் நிறுவனம் தன் புதிய திட்டத்தில் அத்தடையை நீக்கிப் புகழ் பெற்றது. பல்லாண்டுகளாக அத்திட்டத்தை நேசித்த அங்கத்தவர்கள் அநேகர். பின்னர் நடந்தது யாது? 2016இல் மரியட் நிறுவனம் ஸ்டார்வூட்டை விலைக்கு வாங்கிற்று. 2018 ஓகஸ்டில் இரு திட்டங்களும் ஒன்றாக்கப்பட்டன. ஸ்டார்வூட் புள்ளி ஒன்றுக்கு மரியட் புள்ளி மூன்று என்ற கணக்கில் மாற்றம் நிகழ்ந்தது. 2019இல் 'பொன்வோய்' என்னும் புதுப்பெயர் சூட்டப்பட்டது. ஒரு நிறுவனத்துக்கென விசுவாசம் பூண்டிருந்தவர்கள், தம்மைக் கேளாமலே வேறொரு நிறுவனத்தின் அங்கத்தவராயினர்.

திட்டங்கள் ஒன்றாக்கப்பட்ட 2018ஆம் ஆண்டிலேயே மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. ஸ்டார்வூட் பதிவு முறைக்குள் 2014 முதலே அந்நியர் புகுந்து தகவல்களைத் திருடி வந்தனர் என்பதை 2018 நவம்பரில் மரியட் அறிவித்தது. கோடிக்கணக்கான விருந்தினரின் விபரங்களும், இலட்சக்கணக்கான கடவுச்சீட்டு இலக்கங்களும் அதில் அகப்பட்டன. புள்ளிக்காக நாம் கொடுப்பது வாடகை மாத்திரமன்று. நம் பெயர், முகவரி, போக்குவரத்து ஆகிய செய்திகளையும் கொடுக்கிறோம் என்பதை அன்று பலர் உணர்ந்தனர்.

புள்ளியின் பெறுமதியும் ஒரு நிலையில் நின்றதில்லை. ஹில்டன் நிறுவனத்தின் உயர்தர விடுதிகளில் ஓர் இரவுக்கு 50,000 புள்ளியாக இருந்த உச்சவரம்பு, 2013இல் 95,000 ஆக உயர்த்தப்பட்டது. முதல்நாள் வரை ஓர் இரவுக்குப் போதுமாயிருந்த சேமிப்பு, மறுநாள் ஏறக்குறையப் பாதியிரவுக்கே போதுமாயிற்று. எந்த விடுதிக்கு எத்தனை புள்ளி எனக் காட்டும் நிலையான அட்டவணையை 2017இல் ஹில்டனும் 2022இல் மரியட்டும் கைவிட்டன. அதன் பின்னர், வாடகை ஏறும்போது புள்ளி விலையும் ஏறலாயிற்று. இணைய வழியாக அறை பதிவு செய்யும் ஹோட்டல்ஸ் டொட் கொம் நிறுவனம், எவ்விடுதியாயினும் பத்து இரவுக்கு ஓர் இரவு என்னும் எளிய வெகுமதியை வழங்கி வந்தது. 2023இல் ஐக்கிய அமெரிக்காவில் அம்முறை நீக்கப்பட்டு, செலவிலே நூற்றுக்கு இரண்டு வீதம் திருப்பிக் கொடுக்கும் முறை வந்தது. பத்துக்கு ஒன்று என்பது நூற்றுக்குப் பத்து வீதத்தை ஒக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், வேறுபாடு விளங்கும்.

இங்கே ஓர் உண்மை புலனாகின்றது. விடுதிப் புள்ளி என்பது ஒருவகை நாணயம். அதனை அச்சிடுபவரும் அதன் மதிப்பைக் குறைப்பவரும் ஒருவரே. 2020இல் கொள்ளைநோய் பரவி விடுதிகள் வெறுமையாய்க் கிடந்த காலத்தில், ஹில்டன் நிறுவனம் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்துக்கு 100 கோடி டொலருக்குப் புள்ளிகளை முன்கூட்டியே விற்றது. மரியட் நிறுவனமும் கடனட்டை நிறுவனங்கள் இரண்டினிடமிருந்து 92 கோடி டொலர் பெற்றது. விருந்தினர் எவரும் வராத நாளிலும் புள்ளி பணமாயிற்று. இத்தகைய நாணயத்தைப் பிற்காலத்துக்கெனப் பெட்டியிற் பூட்டி வைப்பது புத்தியன்று. ஈட்டியதைக் காலந் தாழ்த்தாது செலவிடுவதே தக்கது. ஓரிரு ஆண்டு கணக்கில் எவ்வித அசைவும் இல்லையாயின் புள்ளிகள் காலாவதியாகும் என்னும் விதி பல திட்டங்களில் உண்டு என்பதும் நினைவிலிருக்கட்டும்.

அப்படியாயின் ஒருவர் தமக்கேற்ற திட்டத்தை எங்ஙனம் தெரிவது? முதலில் தாம் சென்ற ஓராண்டில் எங்கெங்கே, எத்தனை இரவு, எவர் செலவில் தங்கினார் என்பதை ஒரு தாளில் எழுதிப் பார்த்தல் வேண்டும். செல்ல விரும்பும் ஊர்களை எழுதுதல் ஆகாது. உண்மையாகச் சென்ற ஊர்களையே எழுதவேண்டும். அவ்வூர்களில் எந்நிறுவனத்தின் விடுதி உண்டு, அதன் வாடகை தம் கைக்கு ஏற்றதா என்பது அடுத்த கேள்வி. செல்லும் ஊரில் விடுதியில்லாத நிறுவனத்தின் திட்டம், எவ்வளவு தாராளமானதாயினும் பயனற்றது.

அதன்பின் கணக்கு. புள்ளிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் கூடாது. ஒரு திட்டம் டொலருக்கு 10 புள்ளி தருகிறது எனவும், 200 டொலர் பெறுமதியான ஓர் இரவுக்கு 40,000 புள்ளி கேட்கிறது எனவும் கொள்வோம். 100 டொலர் செலவழிப்பவர்க்கு 1,000 புள்ளி, அதாவது 5 டொலர் பெறுமதி கிடைக்கும். மற்றொரு திட்டம் டொலருக்கு 5 புள்ளியே தருகிறது. ஆனால் அதே 200 டொலர் அறைக்கு 12,000 புள்ளிதான் கேட்கிறது எனக் கொள்வோம். அங்கே 100 டொலருக்குக் கிடைக்கும் 500 புள்ளி, 8 டொலருக்கு மேற் பெறுமதியுடையது. குறைந்த புள்ளி தரும் திட்டமே கூடிய பயன் தருவதை இக்கணக்குக் காட்டும். இன்னும் ஒன்று: 5 டொலர் பெறுமதியான புள்ளியை நாடி 100 டொலர் விடுதியிலே தங்குபவர், அதற்கு அயலிலுள்ள, அதே தரமான 90 டொலர் விடுதியை விட்டுவிட்டாராயின், அவர் ஈட்டியது ஐந்து, இழந்தது பத்து.

ஆண்டில் இரண்டு மூன்று இரவு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு ஊரில் தங்குபவர் எத்திட்டத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. அவருக்கு வசதியும் வாடகையுமே முக்கியம். எனினும் 2016 முதல் பெரிய நிறுவனங்கள், தம்மிடமே நேராகப் பதிவு செய்யும் அங்கத்தவர்க்கு வாடகையைச் சிறிது குறைக்கலாயின. இணைய வழிப் பதிவு நிறுவனங்களுக்குக் கொடுக்கும் தரகை மிச்சப்படுத்துவதே அவற்றின் நோக்கம். ஆகவே அக்குறைந்த வாடகைக்காக அங்கத்தவராவதில் தவறில்லை. இரு விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தல் மாத்திரம் அவசியம். இடைத்தரகர் மூலம் பதிவு செய்த இரவுகளுக்கு விடுதி நிறுவனங்கள் பெரும்பாலும் புள்ளி கொடுப்பதில்லை என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

மாதந்தோறும் ஒரே நகருக்குத் தொழில் நிமித்தம் செல்பவரின் நிலை வேறு. அவருக்குப் புள்ளியிலும் பார்க்கத் தரநிலையே பயன் தரும். 2019இல் பொன்வோய் தொடங்கியபோது 10, 25, 50, 75, 100 எனத் தங்கிய இரவுகளின்படி தரநிலைகள் வகுக்கப்பட்டிருந்தன. காலையுணவு, தாமதமாக அறையை விடும் உரிமை, மேலான அறை முதலியன அவற்றால் வருவன. இவை அன்றாடப் பிரயாணிக்கு மெய்யான ஆறுதல்களே. அத்தகையவர் ஒரே திட்டத்தைப் பற்றி நிற்றல் பொருத்தம்; இரவுகளை மூன்று நிறுவனங்களுக்குப் பங்கிட்டால் எதிலும் உயரமாட்டார். ஆனால் ஆண்டு முடிவிலே இரண்டு இரவு குறைகிறது என்பதற்காக, வேண்டாத அறைக்குப் பணங்கொடுத்து வெறுமனே படுத்துவரும் மனிதர்களும் அமெரிக்காவில் உளர். அவர்களுடைய செயலுக்கு 'மெத்தை ஓட்டம்' என ஒரு கேலிப்பெயரும் வழங்குகிறது. பிரயாணத்துக்காக உண்டான திட்டம், திட்டத்துக்காகப் பிரயாணஞ் செய்விக்கும் நிலை அது.

தொழிற் பிரயாணத்தில் ஈட்டிய புள்ளியைக் குடும்பத்தின் விடுமுறைக்குப் பயன்படுத்த எண்ணுபவர், எவ்வூருக்கு, எவ்விடுதிக்கு, எத்தனை பேர் என்பதை முன்னரே தீர்மானித்து, அதற்கு வேண்டிய புள்ளி சேர்ந்தவுடன் பதிவு செய்தல் வேண்டும். அடுத்த ஆண்டுக்கென வைத்தவர் 2013இல் அடைந்த ஏமாற்றத்தை மேலே கண்டோம்.

நேயர்களே, உரோமாபுரியின் பழைய அடையாளத்தை மீண்டும் ஒருமுறை நினைவு கூர்வோம். அது இரு துண்டுகளாக இரு வீட்டாரிடமும் இருந்தது. தந்தை கொடுத்த வாக்கை மகன் காத்தான். இன்றைய புள்ளியோ முழுவதும் ஒரு பக்கத்தாரின் ஏட்டிலேயே இருக்கிறது. விதியை எழுதுபவர் அவர், திருத்துபவரும் அவர். இதனைக் குற்றமென்று கூறுவதற்கில்லை. வியாபாரத்தின் இயல்பு அது. ஆனால் அதற்கு விசுவாசம் என்ற பெயரைச் சூட்டி, நம்மையும் அங்ஙனமே நம்பச் செய்யும்போது நாம் விழித்திருத்தல் வேண்டும். நம் பிரயாணப் பழக்கத்துக்கு ஏற்ற திட்டத்தைக் கைக்கொள்வோம். அது மாறுமாயின், மனவருத்தமின்றி நாமும் மாறுவோம். வாடிக்கையாளராயிருப்பது நம் வசதிக்காக, கடமைக்காக அன்று.